வடிவுக்கு முட்டிவலி

போனில் வடிவு பேசியது மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிஷம் இருக்கும். கோமதிநாயகம் அந்த நேரம் பார்த்து ராஜாக்கமங்கலம் துறையில், மாதா கோயிலுக்குப் பக்கத்துக் குழாயடியில், ஒற்றைக் காலில் நின்று மற்ற காலின் கொப்புளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நடைக்கென்றே தேடித் தேடி வாங்கிய ஷூ, அதுதான் கடித்துவிட்டது. போன் அவருடையது, கிடந்தது மனைவி வடிவின் துணிப்பையில். மணி அடித்ததும் அவள் எடுத்துக் காதில் வைத்து, "ஆமா, அவிய வீட்லதான் பேசுதேன்" என்றது வரைக்கும் அவருக்குக் கேட்டது. அதற்குள் ஒரு மீன் வண்டி ஹாரனை அமுக்கிக்கொண்டே அந்தச் சந்துக்குள் நுழைந்து தொலைந்தது. குழாயை அடைப்பதா, ஓடிப்போய்ப் போனைப் பிடுங்குவதா என்று தெரியாமல் மனுஷன் ஈரக்காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். வண்டி ஒரு வழியாகப் போய்த் தொலைந்தபோது அவள் கடலைப் பார்க்கத் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்தி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி! வடிவு! அடுப்படியில் நின்றுகொண்டே அடுத்த தெருக்காரியிடம் குசலம் விசாரிக்கிறவள்! பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு வந்தாள். "யாரு?" என்றார். "ஹெலன் டீச்சர். உங்க நடை மன்றத்து வேன் பாளையங்கோட்டையிலருந்து கிளம்பிட்டாம். மூணரை மணிக்கு முட்டம் லைட்ஹவுஸ் வாசல்ல நிப்பாவளாம்." "வேற?" "வேற என்ன?" "வேற ஒண்ணும் கேக்கலையா?" அவள் குனிந்து அவருடைய குதிகாலைப் பார்த்தாள். "இத உடைச்சிராதிய. வாங்க, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, மணலில் இறங்கி நடந்தாள்.

ஒன்றரை நிமிஷத்தில் என்னவெல்லாம் பேசலாம்? 'வணக்கம், நல்லா இருக்கீங்களா' என்று அரை நிமிஷம் போகும். ஹெலன் டீச்சர் அதற்கே ஒரு நிமிஷம் எடுப்பார். மிச்சம் அரை நிமிஷம். அரை நிமிஷத்தில் ஒருத்தரைக் கொன்றுபோடலாம். 'அக்கா, நீங்களும் வந்திருக்கீங்களா? அந்த முட்டியோடயா?' முடிந்தது. மொத்தமே மூன்று விநாடி. இதற்கு வடிவு என்ன சொல்லியிருப்பாள்? 'எந்த முட்டி?' என்றிருப்பாள். வேறென்ன சொல்ல முடியும் அவளால்? ஐம்பத்தேழு வயதில் இரண்டு முட்டியும் கருங்கல் மாதிரி வைத்திருக்கிறவள், எந்த முட்டி என்றுதானே கேட்பாள். ஆனால் கேட்டிருந்தால் குரலைத் தாழ்த்தியிருக்க மாட்டாளே. அவளுக்கு ஆச்சரியம் வந்தால் ஊருக்கே கேட்கும். ஆக, டீச்சர் முட்டியைப் பற்றிப் பேசவில்லை. பேசவில்லை என்றால் ஏன் குரலைத் தாழ்த்தினாள்? கோமதிநாயகம் முன்னால் போகிற அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தார். முதுகில் என்ன தெரியும்? வேர்வைதான் தெரிந்தது.

பொய் என்று பெரிதாக அவர் ஒன்றும் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அது அவர் கட்சி. விடியல் நடையாளர் மன்றத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு ஜோடி நடை. உறுப்பினர்கள் வீட்டம்மாவோடு வரவேண்டும், மைதானத்தை ஐந்து சுற்றுச் சுற்றவேண்டும், பிறகு சுண்டலும் சுக்குக் காப்பியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, மன்றத் தலைவர் டாக்டர் ஜெபராஜ், "என்ன கோமதி சார், அக்கா வரலையா?" என்று கேட்க, வாயில் வந்தது அதுதான்: "அவளுக்கு முட்டிவலி சார்." அவ்வளவுதான். அந்த மாதத்தோடு போயிருக்கவேண்டிய வலி. அடுத்த மாதமும் அவர் அதையே சொன்னார். மூன்றாவது மாதம் அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அவர்களே சொன்னார்கள். நாலாவது மாதம் ஜவ்வு தேய்ந்துவிட்டது. வருஷம் முடிவதற்குள் வடிவால் மாடிப்படி ஏற முடியாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்குப் பயம், அதனால் எக்ஸ்ரே எடுக்கவும் வரமாட்டாள். ஹெலன் டீச்சர் கேரளத்துத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார், வருஷத்துக்கு இரண்டு குப்பி. அதை அவர் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தன் முட்டியில் தேய்த்துக்கொண்டார். நல்ல தைலம். வலி கேட்டது. இதெல்லாம்கூடப் போகட்டும். அந்தக் கைதட்டல் இருக்கிறதே! மன்றத்தில் தினமும் நடை முடிந்ததும் வட்டமாக நிற்பார்கள். யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லையோ அவர் பேரைச் சொல்லி, அவர்கள் நன்றாக வேண்டும் என்று மனசில் நினைத்து, எல்லாரும் சேர்ந்து முப்பது தட்டுத் தட்டுவார்கள். உள்ளங்கை சிவக்கத் தட்டவேண்டும், அப்போதுதான் போய்ச் சேருமாம். "வடிவு அக்கா முட்டிக்கு!" என்று டாக்டர் சொல்வார். ரிட்டயர்ட் புரொபசர்களும் வங்கி மேனேஜர்களும் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார்கள். கோமதிநாயகமும் தட்டுவார். தட்டாமல் எப்படி நிற்பது? சத்தமாகவே தட்டுவார். அந்த நேரத்தில் வடிவு வீட்டில் மொட்டைமாடிக்கு இரண்டு வாளித் தண்ணீரைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் மிளகாய்ச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு நடை என்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆலங்குளத்துப் பக்கம் தன் ஊரிலிருந்து பீடிக் கம்பெனிக் கிளைக்குத் தலையில் தட்டோடு நாலு மைல் போய் நாலு மைல் வந்தவள். நேற்று காலையில் கன்னியாகுமரியில் தொடங்கும்போதும் அப்படித்தான் தொடங்கினாள். அவர் ஷூவுக்குக் கயிறு கட்டி, முழங்காலுக்கு உறை மாட்டி, தொப்பி போட்டு நிமிர்வதற்குள் அவள் கோவளத்துப் படகுகள் வரைக்கும் போய், யார் வீட்டு வலை, என்ன மீன் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்து எத்தனை வருஷம் இருக்கும்! மணக்குடிப் பாலத்தில் பொழுது சாய்ந்துவிட்டது. நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி லாட்ஜில் படுத்து, காலையில் திரும்பி வரும்போது டிரைவர் பாலத்தைத் தாண்டி நிறுத்திவிட்டார். "விட்ட எடத்துலருந்துதான் தொடங்கணும், ஒரு அடி கொறையக் கூடாது" என்று அவள் அவ்வளவு தூரம் பின்னால் நடந்து போய்ப் பாலத்தின் கைப்பிடியைத் தொட்டுவிட்டு வந்தாள். மகளுக்குப் போன் போட்டு, "ஏட்டி, உங்க அம்ம கடலச் சுத்தி நடக்கேன், தெரியுமாட்டி!" என்று கத்தினாள். படகில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதும், அந்தக் காலை வேளையிலும், முதலில் அவருக்கு என்ன தோன்றியது? யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். அதை நினைக்க இப்போது அவருக்கு அசிங்கமாக இருந்தது.

யாரும் இருக்கமாட்டார்கள் என்று நம்பித்தான் அவர் இந்த இரண்டு நாளைப் பொறுக்கியெடுத்தார். மன்றம் அந்த வாரம் குற்றாலம் போவதாக ஏற்பாடு. முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்துக்கு மகள் லாட்ஜுக்குப் பதிவு செய்து கொடுத்து, "அம்மாவ எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா, நீங்கதான் பெரிய நடையாளர் ஆச்சே" என்று சிரித்தாள். எல்லாம் பாந்தமாகத்தான் அமைந்தது. கெடுத்தது அவருடைய பீற்றல். நேற்று பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி போனை எடுத்து, அலையையும் பாறையையும் மட்டும் படம் பிடித்து, ஓரத்தில் விழுந்திருந்த வடிவின் சேலை நுனியை வெட்டிவிட்டு, 'அலைகளும் நானும். கன்னியாகுமரி முதல் முட்டம் வரை கால்நடையாக' என்று எழுதி மன்றத்து வாட்ஸ்அப்பில் போட்டார். நானும்! ஒருமை! இருபத்தேழு பேர் கைகூப்பினார்கள். அதோடு விடாமல் டாக்டர் எழுதினார்: 'குற்றாலத்தில் தண்ணீர் இல்லை. நாளை வேன் முட்டத்துக்குத் திருப்பப்படும். நம் வீரரை லைட்ஹவுஸ் வாசலில் வரவேற்போம்.' ராத்திரி முழுக்க லாட்ஜ் பேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். காலையில் அவள் பாலத்தைத் தொட்டுவிட்டு ஓடி வந்தாள். மத்தியானம் சொல்லலாம் என்று நினைத்தார். மத்தியானம் போன் வந்துவிட்டது.

வழியில் ஒரு பெண் கட்டாந்தரையில் நெத்திலியைப் பரப்பிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காக்காய் விரட்டக் கையில் ஒரு நீளக் கம்பு. "எங்கேருந்தும்மா வாறிய, வெயில்ல?" என்று கேட்டாள். வடிவுக்கு இது போதாதா? நின்றுவிட்டாள். "கன்னியாகுமரிலருந்து!" "பஸ்சு கெடைக்கலியா?" "பஸ் என்னத்துக்கு? நடந்துதான் வாரோம். முட்டம் வரைக்கும்." அந்தப் பெண் கம்பைக் கீழே போட்டுவிட்டு மூக்கில் விரலை வைத்தாள். "என் மாதாவே! கோயிலுக்கு வேண்டிக்கிட்ட நேர்ச்சையா?" "நேர்ச்சையும் இல்ல ஒண்ணும் இல்ல, சும்மா. பாக்கணும்னு." சொல்லும்போது வடிவின் கழுத்து ஒரு விரற்கடை உயர்ந்தது. "இவிய பாளையங்கோட்டையில பெரிய நடைக்காரர்" என்று அவரையும் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பெண் ஷூவையும் உறையையும் தொப்பியையும் பார்த்தாள், வடிவின் வெறும் காலைப் பார்த்தாள், சிரித்தாள். "நீங்கதாம்மா நடைக்காரி" என்றாள். கோமதிநாயகம் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். எவ்வளவு எளிதாக அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்துவிட்டது. ஒரு கும்பிடு போட்டுவிட்டு இதை எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போவதில் அவருக்கு மட்டும் என்ன குறைந்துபோகும்? குறைந்துபோகும் என்றுதானே அன்றைக்கு நினைத்தார். அன்றைக்கு. அந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கும் இதே நடைதான். முதல் ஜோடி நடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். மற்ற வீட்டம்மாக்கள் சுடிதாரும் வெள்ளை ஷூவுமாக வந்திருந்தார்கள். வடிவு பட்டுக்கரைப் புடவை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து வந்தாள். விசேஷம் என்று நினைத்துவிட்டாள். இரண்டாவது சுற்றில் செருப்பைக் கையில் எடுத்தாள். மூன்றாவது சுற்றில் தலைவரைத் தாண்டினாள். தாண்டிவிட்டுத் திரும்பி, "என்ன எல்லாரும் பொண்ணு பாக்க வந்தது மாதிரி வாரிய? காலை வீசிப் போடுங்க!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அது கேலியா, பிரியமா? ஆறு வருஷமாக அவர் அந்தச் சிரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். பிரியம்தான். இன்றைக்குத் தெரிகிறது. ஆனால் அன்றைக்குச் சுண்டல் சாப்பிடும்போது ஹெலன் டீச்சர், "இவ்வளவு வேகமா நடக்க எங்கக்கா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்க, வடிவு சொன்னாள்: "எல்லாம் பீடித் தட்டு சுமந்த காலு. எங்க அத்த, அதான் இவிய அம்மா, அவிய சுத்துன பீடின்னா கம்பெனியில கண்ண மூடிட்டு எடுத்துக்கிடுவான். இவியளும் காலேஜ் போற வரைக்கும் பக்கத்துல உக்காந்து தல மடக்கிக் குடுப்பாவ. இவிய மடக்குன பீடி ஒண்ணுகூடக் கழிவுல போகாது!" பெருமையாகச் சொன்னாள். பாவி, பெருமையாகச் சொன்னாள். டாக்டர் ஜெபராஜ் காப்பித் தம்ளரை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "அப்படியா?" என்றார். கோமதிநாயகம் அதற்கு முந்தின வாரம்தான் அவரிடம், தன் தகப்பனார் கிராமத்தில் நிலபுலத்தோடு இருந்தவர் என்கிற பாவனையில் என்னவோ அளந்துவிட்டிருந்தார். துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்றவர் இல்லையா, பேச்சு அப்படித்தான் வரும். காது மடல் கொதித்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "என்ன, என்னமும் தப்பாச் சொல்லிட்டனா?" என்று அவள் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார். அடுத்த மாதம் அவளுக்கு முட்டிவலி வந்தது.

அவளும் கேட்டாள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அடுத்த ஜோடி நடைக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி, புடவையை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, "நாளைக்கு ஜோடி நடை இல்லையா?" என்று கேட்டாள். "அத நிறுத்தியாச்சு" என்றார். "ஏன்?" "யாரும் வரல." அவள் புடவையைத் திரும்பப் பீரோவில் வைத்தாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய். நடுவில் ஆறு வருஷமாக ஒருத்தர் தினமும் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு போய்வந்திருக்கிறார். ஹெலன் டீச்சர் போனில் ஜோடி நடை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதுமே! முட்டியே வேண்டாமே! இதை ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கவில்லை? கோமதிநாயகம் மணலில் நின்றுவிட்டார். "என்ன, வாரியளா?" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது. நடந்தார்.

சொல்லிவிடலாம். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. 'வடிவு, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்' என்று தொடங்கலாம். என்ன தப்பு என்பாள். 'உனக்கு முட்டிவலின்னு சொல்லி வச்சிருக்கேன்.' இது சிரிப்பாக இருக்கிறது. சிரித்தாலும் சிரித்துவிடுவாள். சிரித்து முடித்துவிட்டு, எதுக்கு என்று கேட்பாளே! அந்த எதுக்குவுக்குப் பதில் சொல்ல இந்தக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் அவருக்கு வார்த்தை கிடைக்காது. உன்னைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எப்படி ஒரு பொம்பளையிடம் சொல்வது? அதுவும் இவளிடம்? தனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது பதினெட்டு நாள் பெட்டுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவளிடம்? "வடிவு" என்று கூப்பிட்டார். நின்றாள். "ஒண்ணு சொல்லணும்." "சொல்லுங்க." மணலில் வெயில் கூசியது; கையை நெற்றியில் வைத்து அவரைப் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை. நின்றாள். வேண்டிய மட்டும் நின்றாள். "தண்ணி இருக்கா?" என்றார். அவள் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாங்கி மூடினாள். "காலு ரொம்ப வலிக்கி. இங்கேருந்து பஸ்ஸப் புடிச்சு நாகர்கோவில் போயிருவமா? அவங்ககிட்டச் சொல்லிக்கிடலாம்" என்று கேட்டுப் பார்த்தார். "இம்புட்டுத் தூரம் வந்துட்டா? அந்தா தெரியுது பாருங்க லைட்ஹவுஸ். நான் அதத் தொட்டுட்டுத்தான் வருவேன்" என்றாள். கொஞ்ச தூரம் போய், திரும்பாமலே கேட்டாள்: "அந்த டாக்டரும் வாராவளா?" "வருவாரு." "ம்." அந்த 'ம்' என்ன 'ம்' என்று அவர் அடுத்த கால் மணி நேரம் குடைந்துகொண்டு வந்தார்.

பிள்ளைத்தோப்பைத் தாண்டியபிறகு மணல் ஒடுங்கிப்போய்விட்டது. கடலரிப்புக்காகக் கொட்டியிருந்த பாறாங்கல் மேல்தான் ஏறிப் போகவேண்டும். அலை வந்து இடுக்கில் புகுந்து நுரையைத் துப்பியது. வடிவு ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாவினாள், பாசி. கால் வழுக்கி, ஒரு பக்கமாகச் சரிந்து, உட்கார்ந்துவிட்டாள். வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ!" என்று அவர் கத்தினார். கத்தினது வாய். மனசு? அந்த ஒரு நொடியில் அவர் மனசு குளிர்ந்தது. சத்தியமாகக் குளிர்ந்தது. அப்பாடா, என்றது. இனிமேல் முட்டிவலி நிஜம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பல்லக்கில் வைத்து எல்லாரும் தாங்குவார்கள், நானும் பக்கத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கலாம். இவ்வளவும் ஒரு அலை வந்து போவதற்குள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, கல்லு இடிச்சிருச்சு" என்று அவள் எழுந்து, காலை இரண்டு தரம் உதறி, அடுத்த கல்லில் ஏறினாள். அவள் எழுந்ததும் அவருக்குள் ஏதோ இறங்கிப்போனது, அது ஏமாற்றம். ஆமாம், ஏமாற்றம்தான். கோமதிநாயகத்துக்குத் தன் முகத்தில் தானே காறித் துப்பிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. அறுபத்தாறு வயது. தாலி கட்டினவள் கால் உடையவில்லையே என்று நினைக்கிற ஆள் நான்தான், இதோ இந்தத் தொப்பிக்குக் கீழே இருக்கிற ஆள். பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம், அது வாய் செய்தது. இதை யார் செய்தது? வேகமாக நடந்து அவளைப் பிடித்து, விழுந்து கும்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்று வந்தது. வேகமாகவும் நடந்தார். கொப்புளம் உடைந்தது. அவளைப் பிடிக்க முடியவில்லை.

முட்டத்துச் செம்மண் மேடு தொடங்கியது. மேலே வெள்ளைக் கோபுரமாக லைட்ஹவுஸ். அவள் ஐம்பதடி முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். கெண்டைக்கால் வரைக்கும் சிவப்புப் புழுதி. மேட்டின் திருப்பத்தில் ஒரு புன்னை மரம். அதன் நிழலில் அவள் நின்றாள். அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறித் தோளில் போட்டாள். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் மஞ்சள் பனியன் போட்ட மன்றத்து ஆட்கள், வேன், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இன்னும் யாரும் பார்க்கவில்லை. இப்போது. இப்போதாவது. "வடிவு..." என்றார். அவள் அவருடைய தொப்பியைக் கழற்றி, வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டு, திரும்ப வைத்தாள். சின்னக் குரலில், மத்தியானம் போனில் பேசினாளே அதே குரலில், கேட்டாள்:

"எந்தக் காலுன்னு சொல்லிருக்கிய?"

கடல் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் பிழைத்துப்போயிருப்பார். இல்லை. களைப்புத்தான் இருந்தது, நேற்றும் இன்றும் முழுக்க நடந்தும் வராத களைப்பு. "சொல்லுங்க, வந்துரப் போறாவ. எந்தக் காலு?" "வலது" என்றார். அந்த வார்த்தை எப்படித்தான் வெளியே வந்ததோ. அவள் தலையாட்டினாள். அவர் தோளை இடது கையால் பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் வெளியிடத்தில் அவள் அவரை அப்படித் தொட்டதில்லை. வலது காலை இழுத்து வைத்தாள். இன்னொரு அடி. பார்த்தால் ஆறு வருஷமாக அப்படி நடக்கிறவள் என்றுதான் சொல்வார்கள்.

"அக்கா!" என்று ஹெலன் டீச்சர் ஓடி வந்து மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "நீங்களும் வந்திருக்கதா போன்ல சொன்னப்பவே எனக்குப் பதறிப்போச்சு, இந்த முட்டியோட ஏங்க்கா வந்தீங்க?" "லாட்ஜுலயே கெடந்தேன் டீச்சர். போரடிச்சுது. இந்தா மேட்டுக்குக் கீழ வரைக்கும் ஆட்டோல வந்து எறங்கினேன்" என்றாள் வடிவு. நாற்காலி வந்தது. இரண்டு பேர் தாங்கி உட்காரவைத்தார்கள். "நீங்க இப்படியெல்லாம் அலையக் கூடாதும்மா" என்று டாக்டர் குனிந்து சொன்னார், அவர் கண்ணில் நிஜமான கவலை. ஹெலன் டீச்சர், "காலெல்லாம் புழுதியா இருக்கே" என்று துடைக்கக் குனிந்தபோது, வடிவு காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் யாரோ கோமதிநாயகத்தின் மேல் ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். டாக்டர் ஜெபராஜ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்ன ஸ்டாமினா சார்! கன்னியாகுமரியிலருந்து இவ்வளவு தூரமும் தன்னந்தனியாவா நடந்தீங்க?" என்று கேட்டார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடிவு முட்டியைத் தடவிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள். லைட்ஹவுஸ் அவளுக்குப் பின்னால் பத்தடியில் நின்றது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆமா சார்" என்றார் கோமதிநாயகம். "தனியாத்தான் நடந்தேன்."